காட்டை வித்து சைட்டு வாங்கலாமா?

(மூன்றாமாண்டு சிவில் பிரிவு மாணவன், மூலனூர்)



ஆண்டு மலர் என்றாலே தன்னம்பிக்கை பற்றி ஒரு கட்டுரை, நட்பு பற்றி நாலு புதுக்கவிதை, கடைசிப் பக்கத்தில் நகைச்சுவைத் துணுக்குகள் என்று ஆகிவிட்டது. அதெல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கொஞ்சம் காசு கணக்கு எழுதப் போகிறேன். ஏனென்றால் இறுதியாண்டு வந்தபிறகு கேண்டீனிலும் பஸ்ஸிலும் நாம் அதிகம் பேசுவது அதைப் பற்றித்தான்.

"மாப்ள, வேலைக்குப் போய் என்ன கிழிக்கப்போறோம்? ஒரு சைட்டு வாங்கிப் போட்டுட்டா போதும். நாலு லைன் வீடு கட்டி விட்டா மாசம் பொறந்தா கையில காசு. உக்காந்து சாப்பிடலாம்!"

இந்த வசனத்தைக் கேட்காத மாணவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. எங்கள் மூலனூர்ப் பக்கம் இது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. "காட்டை வித்துட்டுத் திருப்பூர்ல சைட்டு வாங்கிப் போடுங்க" என்று வீட்டுக்கு வீடு அறிவுரை. சொல்பவர் பெரும்பாலும் தாய்மாமன். அவரை எதிர்த்துப் பேச யாரால் முடியும்?

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் 'காடு' என்றால் புலி சிறுத்தை உலவுகிற வனம் இல்லை. மழையை நம்பிய புன்செய் நிலம். அதில் பாதி கொரங்காடு. சுற்றிலும் கிளுவை முள் வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்ந்து வளர்கிற இடம் அது. மற்ற நிலத்தில் பருத்தி, முருங்கை, சோளம். மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடப்பது சுற்று வட்டாரமெங்கும் தெரிந்த சங்கதி. ஆனால் மழை ஏமாற்றினால் வருமானமும் ஏமாற்றும். முருங்கை ஒரு வாரம் கிலோ நூறைத் தாண்டும், இன்னொரு வாரம் பறிகூலிக்கே கட்டாது. அதனால் விற்கச் சொல்கிறவர்களின் பேச்சில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வயிறு நிறைந்தவன் அடுத்தவனுக்கு மண்ணின் பெருமை பேசக்கூடாது.

ஆனால் விற்பதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டாமா? நாமென்ன, மூன்று வருடம் எஸ்டிமேஷன் படித்தவர்கள் இல்லையா?

முதலில் லைன் வீடு எப்படி வந்தது என்று பார்ப்போம். எழுபதுகளின் கடைசியில் தொடங்கிய பனியன் ஏற்றுமதி, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருப்பூரை ஊதிப் பெருக்க வைத்தது. மதுரை, தேனி, திண்டுக்கல், திருச்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். பிற்பாடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் என்று வடக்கேயிருந்தும் வந்தார்கள். கம்பெனிகள் வேலை கொடுத்தன, வீடு கொடுக்கவில்லை. ஊரைச் சுற்றித் தோட்டம் வைத்திருந்தவர்கள் தோட்டத்து ஓரத்தில் வரிசையாக அறைகள் கட்டிவிட்டார்கள். ஒரு பொதுச் சுவர், ஒரே கூரை, முன்னால் ஒரு நடை, கோடியில் இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை. அதுதான் லைன் வீடு. வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், அங்கேரிபாளையம் என்று எந்தத் தெருவுக்குள் போனாலும் இதைப் பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அன்று லைன் வீடு கட்டியவர்கள் இடத்தைக் காசு கொடுத்து வாங்கவில்லை. பாட்டன் விட்டுப்போன நிலம் அது. ஹாலோ பிளாக்கும் சிமெண்ட் ஷீட்டும்தான் செலவு. அவருக்கு அது லாபம். இன்று காட்டை விற்று, தரகருக்குக் கமிஷன் கொடுத்து, இடத்தை மார்க்கெட் விலைக்கு வாங்கி, கடன் போட்டுக் கட்டுகிறவருக்கும் அதே லாபம் வருமா?

கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனைதான். உங்கள் ஏரியா விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

ஐந்து சென்ட் இடம், அதாவது 2,178 சதுர அடி. சென்ட் 4 லட்சம் என்றால் 20 லட்சம். பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1 லட்சத்து 80 ஆயிரம். (10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டு. அம்மா பெயரில் வாங்க இதைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன, இதுவும் ஒன்று.) ஆறு வீடு, நடை, கழிவறை எல்லாம் சேர்த்து 1,700 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் வைத்தால் 34 லட்சம். போர், சம்ப், மோட்டார், கரண்ட் இணைப்பு, செப்டிக் டேங்க் 4 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 60 லட்சம்.

வாடகை வீட்டுக்கு 4,500. ஆறு வீட்டுக்கு மாசம் 27,000. வருஷத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம். தாய்மாமன் கணக்கு இங்கேயே முடிந்துவிடும். "பாத்தியா, மூணே கால் லட்சம்!"

நம் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஆறு வீடும் பன்னிரண்டு மாசமும் நிறைந்தே இருக்காது. ஆள் மாறும்போது சுண்ணாம்பு அடிக்க, பூட்டு மாற்ற, அடுத்த ஆள் வர என்று நாள் போகும். சராசரியாக ஒரு மாச வாடகை போச்சு என்று வைப்போம், 27,000. வீட்டு வரி, தண்ணி வரி, குப்பை வரி 12,000. கட்டிட மதிப்பில் ஒரு சதவீதமாவது வருடாவருடம் மராமத்துக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று வைத்தால் 34,000. மோட்டார் காயில் எரிந்தது, செப்டிக் டேங்க் நிறைந்தது, கோடையில் லாரித் தண்ணி வாங்கியது 11,000. கூட்டினால் 84,000. மிச்சம் 2 லட்சத்து 40 ஆயிரம்.

60 லட்சத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் என்றால் நூற்றுக்கு நாலு. பேங்க்கில் டெபாசிட் போட்டால்கூட இதைவிடக் கூடுதல்! அந்த 60 லட்சத்தில் பாதியை 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் முதல் வருட வட்டி மட்டும் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம். வாடகை வட்டிக்கே பத்தாது. அசல் எங்கேயிருந்து கட்டுவது? சம்பளத்திலிருந்து. அப்புறம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

"அட, இடம் விலை ஏறுமில்ல?" என்பார்கள். ஏறலாம். ஆனால் அது வாடகைத் தொழில் இல்லை, விலை ஏறும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை நம் கையில் இல்லை. திருப்பூருக்கு ஜலதோஷம் பிடித்தால் லைன் வீட்டுக்கு ஜுரம் வந்துவிடும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வேலை போன ஜனங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் சிறப்பு ரயில்களில் கிளம்பிப் போனார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர் நின்றதென்று கம்பெனிகள் தவித்தன. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் வேலம்பாளையத்தில் 'வீடு வாடகைக்கு' போர்டு தொங்கும். இது நம் ஊர் உண்மை. இதைச் சொல்லாமல் லைன் வீட்டு லாபத்தை மட்டும் சொல்வது அரைக்கணக்கு.

சரி, வீடே கட்டவேண்டாம், சைட்டு மட்டும் வாங்கிப் போடலாம் என்பது இரண்டாவது ஆலோசனை. இது முதலாவதைவிட மோசம். வீடாவது நாலு சதவீதம் தருகிறது. சைட்டு என்ன தருகிறது? வேலிக்கருவை.

தாராபுரம் ரோட்டிலும் காங்கேயம் ரோட்டிலும் பஸ் ஜன்னல் வழியாகப் பாருங்கள். கல் நட்டு, கொடி கட்டி, வளைவு வைத்து, 'நகர்' என்று பெயர் சூட்டி, வேன் வைத்து ஆள் கூட்டி வந்து, மதியச் சாப்பாடு போட்டு விற்ற மனைகள். மாதத் தவணை, குலுக்கலில் தங்கக்காசு என்றெல்லாம் ஒரு காலத்தில் அமர்க்களப்பட்டது. இன்றைக்குப் பல இடங்களில் கல் மட்டும் இருக்கிறது. வீடு இல்லை, ரோடு இல்லை, கொரங்காடும் இல்லை. ஒரு கொரங்காட்டை பொக்லைன் வைத்து அழிக்க அரை நாள் போதும். அந்தக் கிளுவை வேலியும் புல்லும் திரும்பி வர ஒரு தலைமுறை ஆகும்.

அதிலும் அப்ரூவல் இல்லாத மனை வாங்கியவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு கைமாற்ற முடியாத காகிதமாகிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டவர்கள் என்ன செய்வார்கள்? 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வழி பிறந்தது. ஆனால் அந்தக் கட்டணம் வாங்கினவர் தலையில்தானே விழுந்தது? கல் நட்டு விற்றவர் அடுத்த ஊரில் வேறொரு நகருக்கு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அல்லது எட்டு அடுக்குமாடி வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக்கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பத்திரம் பார்ப்பதைப் பற்றி ஒரு சிவில் மாணவன் வக்கீல் வேலை செய்யக்கூடாது. ஆனாலும் இரண்டு மூன்று விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 'பவர்ல வாங்கிக்கலாம், செலவு மிச்சம்' என்பார்கள். பவர் பத்திரம் மட்டும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கிறது. பட்டாவையும் புலப்பட வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, டேப் பிடித்து இடத்தை அளந்து பாருங்கள். நமக்கு சர்வே பிராக்டிகல் எதற்கு வைத்தார்கள்? மார்க்குக்கு மட்டுமா? பஞ்சமி நிலம், கோயில் நிலம், புறம்போக்கு என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, நம் வீட்டிலேயே நடப்பது. பூர்வீகக் காட்டை விற்கும்போது பெண் பிள்ளைகளை ஓரமாக நிறுத்திவிடுகிறோம். 1989-இலேயே தமிழ்நாட்டில் மகளுக்குச் சமபங்கு சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. ஆனால் நம் ஊர்களில் இன்னமும் "ஒரு பட்டுச்சேலை எடுத்துக் குடுத்து கையெழுத்து வாங்கிக்கலாம்" என்றுதான் பேச்சு. காட்டை விற்றுத் தங்கைக்குப் பங்கு கொடுத்தபிறகு எவ்வளவு மிஞ்சும், அதில் எத்தனை சென்ட் வரும் என்று பார்த்தால்தான் சரியான கணக்கு. பங்கு கொடுக்காமல் போடுகிற கணக்குக்குக் கணக்கென்று பெயர் இல்லை.

"அப்ப எதுவுமே வேண்டாம்னு சொல்றியா?" என்று கேட்பீர்கள். இல்லை நண்பர்களே. வீட்டு வாடகை ஒரு தொழில், அவ்வளவுதான் சொல்கிறேன். மளிகைக்கடை மாதிரி, ஒர்க் ஷாப் மாதிரி அதுவும் ஒரு தொழில். தொழில் என்றால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் போட்டுவிட்டுக் கற்றுக்கொள்வதா, கற்றுக்கொண்டு முதல் போடுவதா?

என் யோசனை இதுதான். சொந்தமாக வாங்குவதற்கு முன் அடுத்தவருடைய லைன் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் வீடு வைத்துக்கொண்டு கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் பிள்ளைகளோடு இருக்கிற வயதானவர்கள் நிறையப் பேர். தாராபுரத்திலும் மூலனூரிலும்கூடப் பூட்டிக் கிடக்கிற வீடுகள் உண்டு. வாடகை வசூலிக்க, மீட்டர் ரீடிங் எடுக்க, குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிட, காலி வீட்டுக்கு ஆள் பார்க்க அவர்களுக்கு நம்பகமான ஆள் கிடைப்பதில்லை. தரகர் ஒரு மாச வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு போனால் போனதுதான். இந்த இடத்தில் ஒரு டிப்ளமோ மாணவன் நின்றால் எப்படி இருக்கும்? எலக்ட்ரிகல் நண்பருக்கு சப் மீட்டர் தெரியும், எர்த்திங் தெரியும். லைன் வீட்டுக் குளியலறையில் ஹீட்டர் காயில் போட்டு ஷாக் அடிப்பதை ஒரு இ.எல்.சி.பி. தடுக்கும் என்பது தெரியும். மெக்கானிகல் நண்பர் மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பார். சிவில் ஆள் சுவரில் ஓதம் எங்கிருந்து வருகிறதென்று சொல்லுவான். மாசம் இவ்வளவு என்று பேசிக்கொண்டு பத்து வீட்டைப் பார்த்துக்கொண்டால், வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யலாம். கையில் முதல் வேண்டாம். இரண்டு வருடத்தில் எந்தத் தெருவில் வீடு காலியாகவே இருக்காது, எந்தத் தெருவில் தண்ணி வராது, எவ்வளவு வாடகைக்கு எப்படிப்பட்ட ஆள் வருவார் என்பதெல்லாம் அத்துப்படியாகிவிடும். இதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது.

அப்புறம் சொந்தமாகச் செய்யலாம். அதையும் திருப்பூரில்தான் செய்யவேண்டும் என்று என்ன சட்டம்? எங்கள் மூலனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரூராட்சிதான். ஆனால் ஆசிரியர்கள் வருகிறார்கள், ஆஸ்பத்திரி நர்ஸ் வருகிறார், பேங்க் ஆள் மாற்றலாகி வருகிறார், காற்றாலை வேலைக்கு டெக்னீசியன் வருகிறார். நல்ல கழிவறையோடு ஒரு வீடு கிடைக்காமல் தாராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள் உண்டு. ஊருக்குள் நம் பழைய வீட்டோடு சேர்ந்த காலி இடத்தில் ஒரே ஒரு வீடு, முறையாக பிளான் அப்ரூவல் வாங்கிக் கட்டினால்? இடத்துக்குக் காசு கிடையாது. காட்டை விற்க வேண்டியதில்லை. பழுது என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போய்ப் பார்த்துவிடலாம். மேலே சொன்ன கணக்கில் இடத்து விலையையும் பத்திரச் செலவையும் கழித்துப் பாருங்கள், நாலு சதவீதம் ஆறைத் தாண்டும். மூலனூரில் வாடகை குறைவு என்பது உண்மைதான், கவலையும் குறைவு.

இனி, வாடகைக்கு இருப்பவர் பற்றி. இதைப் பேசாமல் வாடகைத் தொழிலைப் பேசுவது, பாலைப் பற்றிப் பேசிவிட்டு மாட்டை மறப்பது போல.

தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, ஒரே ஒரு அறை உள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. லைன் வீட்டுப் பத்துக்குப் பத்து அறை 9.29 சதுர மீட்டர். அதாவது படிப்பில் நாம் படிக்கிற குறைந்தபட்ச அளவுகூட அங்கே இல்லை. அதற்குள் சமையல், படுக்கை, பிள்ளையின் படிப்பு, சாமி படம் எல்லாம். வெப்பமான வறண்ட ஊர்களில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் வேண்டும் என்றும் படிக்கிறோம். பல லைன் வீடுகளில் கதவைத் திறந்தால்தான் காற்று. ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று பரீட்சையில் எழுதுகிறோம்; ஆறு வீட்டில் வீட்டுக்கு நாலு பேர் என்றால் 3,240 லிட்டர். மேலே ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றை வைத்துவிட்டு "தண்ணியை ஏன் இப்படிக் காலி பண்றீங்க?" என்று சத்தம் போடுவது எந்த ஊர் இன்ஜினியரிங்?

கரண்டுக்கு யூனிட்டுக்கு இஷ்டம்போல வாங்குவது, வடக்கத்தி ஆள் என்றால் அறைக்கு இல்லாமல் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது, வீடு கேட்டு வருகிறவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஜாதி கேட்பது... இவையெல்லாம் சாமர்த்தியம் என்று நம் ஊரில் பெயர் வாங்கிவிட்டன. என்னைக் கேட்டால் இவை மூன்றும் நஷ்டத்துக்கு வழி. மரியாதை கிடைக்காத இடத்தில் எவரும் நிலைக்கமாட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆள் மாறினால் சுண்ணாம்புச் செலவிலேயே லாபம் போய்விடும். அஞ்சு வருஷம் ஒரே குடும்பம் இருக்கிற வீட்டுக்காரரைப் பாருங்கள், அவர்தான் காசு பார்த்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செப்டிக் டேங்க் அடைத்தால் ஒருவரைக் கூப்பிட்டு உள்ளே இறங்கச் சொல்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதைவிட, உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைக் கொன்றுவிடும். கழிவுநீர் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். லாரி வர முடியாத சந்தில் டேங்க் கட்டுகிறவர் வீடு கட்டவே லாயக்கில்லாதவர். பிளான் போடுகிற நாம் இதை முதலிலேயே யோசிக்கலாம்.

வாடகைச் சட்டமும் மாறிவிட்டது, பலருக்குத் தெரியாது. 1960-ஆம் வருடச் சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று இருந்தது. ஊரெல்லாம் பத்து மாதம் வாங்கினார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணியையோ கரண்டையோ நிறுத்தக்கூடாது. வயரிங்கும் பைப் லைனும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷரும் ஸ்விட்சும் குடியிருப்பவர் பொறுப்பு. இது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. வாடகை தராமல் இழுத்தடிக்கிறவரைக் காலி செய்யவும் எழுத்தில் இருக்கும் ஒப்பந்தம்தான் உதவும். வாய்ப்பேச்சில் விட்டவர்கள் வருடக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் நம் கல்லூரியிலேயே ஆரம்பிக்கலாம் என்று தோன்றுகிறது. நம்மில் எத்தனை பேர் வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோம்? நாம்தான் வாடகைதாரர்கள்! நாலு பேர் தங்கும் ரூமுக்கு எட்டுப் பேர் வாடகை கொடுக்கிறோம், கடைசி செமஸ்டர் முடிந்து கிளம்பும்போது "சுவத்துல ஆணி அடிச்சிட்டீங்க" என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த வருடம் அதே ரூமுக்கு ஜூனியர் போகிறான், அவனுக்கும் அதே ஆணி, அதே பிடித்தம்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள்: பேரவை அறையில் ஒரு பெரிய நோட்டு வையுங்கள். கல்லூரியைச் சுற்றி மாணவர்கள் தங்குகிற ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு பக்கம். அறையின் நீளம் அகலம் (முதலாமாண்டு மாணவர்களை டேப்போடு அனுப்புங்கள், பிராக்டிகலாகவும் இருக்கும்), எத்தனை பேர், வாடகை, கரண்ட் யூனிட் என்ன விலை, தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார்கள், போகும்போது எவ்வளவு திரும்பி வந்தது. வீட்டுக்காரர் பெயரைப் போட்டுத் திட்ட வேண்டாம். எண்களை மட்டும் எழுதினால் போதும். நன்றாக வைத்திருக்கும் ரூமுக்கு ஆள் தானாகப் போகும். நானும் என் அறை நண்பர்கள் மூவரும் எங்கள் ரூமை அளந்துவிட்டோம்: பன்னிரண்டு அடிக்கு ஒன்பதே கால். முதல் பக்கத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.